விதைக்கு விட்ட சுரைக்காய்

தொலைபேசி அடித்தபோது நான் லாட்ஜின் பதிவேட்டில் ஒரு பாலக்காட்டுக்காரரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். தை மாதத்துக் காலை, ஒன்பது மணி இருக்கும். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர், சீக்கிரம் குளிக்க வேண்டும், அறையைக் காட்டுங்கள் என்று நின்றுகொண்டிருந்தார். மறுமுனையில் ஜெசிந்தா. “சார், அம்மா போய்ட்டாங்க” என்றாள். நான் “எங்கே?” என்று கேட்டேன். பாழாய்ப் போன வாய். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு, வேலூர் ஆஸ்பத்திரியில் விடியற்காலை உயிர் போயிற்று, சேவூருக்குக் கொண்டுவருகிறோம் என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். பாலக்காட்டுக்காரரின் பெயர் இன்றும் பதிவேட்டில் பாதியில்தான் நிற்கிறது. அவரை எந்த அறைக்கு அனுப்பினேன் என்பதும் எனக்கு நினைவில்லை.

சவுரியம்மாளை உங்களில் பலருக்குத் தெரியும். ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கும் எங்கள் எட்டு அறை லாட்ஜில் பதினாறு வருடம் மெஸ் நடத்தியவர். கோடையில் வந்து தங்கிய வியாபாரிகளுக்கு அவர் போட்ட தோட்டத்துக் காயின் ருசி தெரியும். சேவூர்க்காரர்களுக்கு அவரைக் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து தாளம் தப்பிப் பாடியவராகத் தெரியும். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக்கொடுங்கள் என்று ஜெசிந்தா கேட்டாள். அவருடைய ஒரே மகள், வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். நல்லதாக நாலு வார்த்தை எழுத நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது வேறு. அந்த அம்மாளிடம் பதினோரு வருடம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை, மண்ணில் வைத்த பிறகு அச்சில் போடுகிறேன். என் யோக்கியதை இவ்வளவுதான்.

தொண்ணூற்றிரண்டில் நான் லாட்ஜுக்கு மேனேஜராக வந்தேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பாயில் உட்கார்ந்து புடவை விரித்தும் மடித்தும் முட்டி போயிருந்தது. முதலாளி சென்னையில் இருந்தார். மெஸ்ஸுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன், சவுரியம்மாள் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஜெபமாலை. சமையலறையைக் காட்டப் போனால், அவர் அடுப்பைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தார். பின்னால் மூன்று சென்ட் காலி இடம், ஒரு காலத்தில் சாயம் போட்ட நூலைக் காயவைத்த இடம். கண்ணாடிச் சில்லும் முள்ளுமாகக் கிடந்தது.

“இத்த யாரு சார் பாத்துகினு இருக்காங்க?” என்றார்.

பாம்புதான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். “அப்ப அதுகூட நானும் பாத்துக்கிறேன்” என்றார். சம்பளம் எவ்வளவு என்றுகூட அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

தோட்டம் வேண்டாம் என்று சண்டை பிடித்தவன் நான்தான். லாட்ஜ் என்றால் லாட்ஜாக இருக்க வேண்டும், கத்திரிக்காய்க்கு நடுவில் விருந்தாளி எங்கே நடப்பான் என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. மார்கழி முழுக்கச் சில்லு பொறுக்கினார். பக்கத்து வீடுகளில் உளுத்துப்போன தறிக் கட்டைகளைக் கேட்டு வாங்கிப் பந்தல் போட்டார். தை பிறந்ததும் விதை ஊன்றினார். வெண்டை, கத்தரி, கொத்தவரை, புடலை, பாகல், சுரை. பங்குனியில் பந்தல் மூடிவிட்டது. சித்திரையிலும் வைகாசியிலும் முகூர்த்தக் காலம். எட்டு அறையும் நிறைந்திருக்கும். மார்க்கெட்டுக் காய் வெயிலில் துவண்டு வரும். எங்கள் மெஸ்ஸில் மட்டும் இலையில் புதுக்காய். வெயிலைப் பற்றி நான் புலம்பினால், “வெயில திட்டாதீங்க சார், காயெல்லாம் அத்தத்தான் சாப்புடுது” என்பார்.

தண்ணீர்தான் பேஜார். கிணறு சித்திரையில் அடி காட்டும். அவர் குளியலறைத் தண்ணீரையெல்லாம் ஒரு மண் வாய்க்காலில் சேர்த்துத் தோட்டத்துக்குத் திருப்பினார். அதன் பிறகு விருந்தாளி எப்போது குளிக்கிறார் என்பது அவருடைய விசாரணை ஆகிவிட்டது. ஒரு பெங்களூர்க்காரர் இரண்டு நாள் குளிக்காமல் சென்ட் அடித்துக்கொண்டு கடை கடையாகப் போய்வந்தார். மூன்றாம் நாள் சவுரியம்மாள் அவர் இலையில் சாதம் போட்டுவிட்டு, குழம்பை ஊற்றாமல் நின்றார். “அண்ணா, கோச்சிக்காதீங்க. வெண்டக்காய்க்குத் தண்ணி பத்தல. ஒரு வாட்டி குளிச்சிட்டு வந்துடுங்க, குழம்பு சூடாவே இருக்கும்” என்றார். நான் மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த மனுஷர் எழுந்து போய்க் குளித்தார். அதற்குப் பிறகு வருடா வருடம் எங்கள் லாட்ஜுக்குத்தான் வந்தார், வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு, “அம்மா, எத்தனை பக்கெட்டு?” என்று கேட்பார்.

செடியோடு நான் பேசிப் பார்த்ததைக் கண்டு சிரித்தார். யாரோ சொன்னார்கள் என்று பாகல் கொடியிடம் போய் நன்றாக வளர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “செடிக்குக் காது கெடையாது சார். கைதான் தெரியும்” என்று என் கையில் களைக்கொத்தைக் கொடுத்தார்.

இனி சுரைக்காய்க்கு வருகிறேன்.

மற்ற விதையெல்லாம் அவர் எங்கே கிடைத்தாலும் வாங்குவார். சுரைக்காய் விதை மட்டும் அவர் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய வீட்டுக்காரர் ராயப்பன், சேத்துப்பட்டுப் பக்கத்து ஊர்க்காரர், கல்யாணத்துக்குப் பிறகு தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்து கூரையில் ஏற்றிய கொடி. குண்டுச் சுரை, கரும்பச்சைத் தோலில் வெள்ளை வெள்ளையாகத் தெளித்த மாதிரி இருக்கும். ராயப்பன் காமாலையில் செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் சவுரியம்மாள் எங்களிடம் வேலைக்கு வந்தார். முதல் வருடக் காயைப் பறித்தபோது என்னிடம் காட்டி, “அவரு போட்டோ ஒன்னுகூட எடுத்து வெக்கல சார். கல்யாணத்துல எடுத்ததும் மழையில போச்சி. இந்தக் கொடிதான் கீது” என்றார். ஜெசிந்தாவுக்கு அப்பா முகம் சரியாக நினைவில்லை. முதல் காய் எப்போதும் அவளுக்குத்தான் போகும். உங்கப்பா குடுத்தனுப்பினாரு என்று சொல்லித்தான் கொடுப்பார்.

தொண்ணூற்றாறு கடைசியில் பெய்த மழையில் சேவூரில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி, விதைக்காக உறியில் வைத்திருந்த காய்ந்த சுரைக்குடுவை அழுகிவிட்டது. உடைத்துப் பார்த்ததில் நாலே நாலு விதை தேறின. நாலையும் லாட்ஜுத் தோட்டத்தில் ஊன்றினார். இரண்டு முளைத்தன. ஒன்றை ஆடு கடித்துவிட்டது. மிச்சம் ஒரே கொடி. அந்தக் கொடிக்கு அவர் ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்ப்பது போல் நாளுக்கு மூன்று தடவை போய்வந்தார். அது காய்த்ததும் நல்ல காயாக மூன்றைப் பார்த்து, பக்கத்துத் தறிக்காரர்கள் வெட்டிப்போட்ட சிவப்புப் பட்டு நூலில் ஒரு துண்டை எடுத்துக் காம்பில் கட்டினார். விதைக்கு விடும் காய்க்கு நூல் கட்டுவது அவர் வழக்கம். யாரும் தொடக் கூடாது என்பதற்கு அது அடையாளம். இது எனக்குத் தெரியாது. நாலு வருடமாகத் தோட்டத்தில் சாப்பிட்டவனுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் சாப்பிட்டதோடு சரி.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. சவுரியம்மாள் வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வரமாட்டார், காலையிலிருந்து கோயிலில்தான். மெஸ்ஸுக்கு ஒரு மாற்று ஆளை ஏற்பாடு செய்து, காயைக் கூடையில் எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்று பார்த்துச் சித்தூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம், பதினான்கு பேர், சொல்லாமல் வந்து இறங்கியது. கூடைக்காய் போதாது. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பந்தலில் மூன்று பெரிய சுரைக்காய், மூன்றின் காம்பிலும் சிவப்புப் பட்டு நூல்.

புடவைக் கடையில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வாடிக்கையாளர் நூறு புடவை பார்ப்பார். பிடித்ததை எடுத்துக் குஞ்சத்தில் ஒரு நூலைக் கட்டிவிடுவோம். நூல் கட்டியது என்றால் தேர்ந்தாகிவிட்டது, கட்டு கட்டலாம் என்று பொருள். பன்னிரண்டு வருடம் என் கை செய்த வேலை அது. அடேயப்பா, இந்த அம்மாள் எவ்வளவு முன்யோசனையாகப் பறிக்க வேண்டிய காயைத் தேர்ந்து நூல் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே மூன்றையும் அறுத்தேன். கூட்டு நன்றாக இருந்தது என்று சித்தூர்க்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை வந்தவர் வழக்கம்போல முதலில் தோட்டத்துக்குப் போனார். பிறகு சமையலறைக்குள் வந்து, சுரைக்காயை யார் பறித்தது என்று கேட்டார். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் நூல் கட்டி வைத்துவிட்டுப் போனது நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னேன். அவர் தோலும் சோறும் கிடந்த குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தார். பிஞ்சு விதைகள், வெள்ளையாக, நகம் பட்டால் நசுங்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“வெதைக்கு விட்டது சார்” என்றார். அவ்வளவுதான்.

அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து கூடச் சேர்ந்து பொறுக்கியிருக்க வேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா, நான் என்ன ஜோசியக்காரனா என்று அறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது, முந்தின நாள் கோயிலில் அழுததா, அன்றைக்கு அழுததா, தெரியாது. “ஆமா சார், நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து கையைக் கழுவி உலை வைத்தார்.

அந்தக் கொடி பிறகு பூத்தது. ஒரு பூவும் நிற்கவில்லை. கிணறு அடி காட்டிவிட்டது. நானே ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தேன். வைகாசியில் கொடி கருகிப் பந்தலிலேயே தொங்கியது. அவர் அதை ஆடி வரை அவிழ்க்கவில்லை.

அந்த வருடம் நான் செய்த முயற்சியைச் சொல்லிவிடுகிறேன், என்னை நல்லவன் என்று காட்ட அல்ல. சவுரியம்மாள் சில விருந்தாளிகளுக்குக் காகிதத்தில் மடித்துச் சுரை விதை கொடுத்திருக்கிறார். பதிவேட்டில் எல்லார் விலாசமும் இருக்கிறதே என்று உட்கார்ந்து முப்பது தபால் கார்டு எழுதிப் போட்டேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேருமே முளைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். மார்கழியில் சேத்துப்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ராயப்பனின் ஊரில் விசாரித்தேன். அவருடைய அண்ணன் குடும்பம் எப்போதோ பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டது, வீடு பூட்டிக் கிடந்தது. ஊரில் வெள்ளை தெளித்த சுரைக்காயை யாரும் கண்டதில்லை. திரும்பி வரும்போது சேத்துப்பட்டில் ஒரு விதைக் கடையைப் பார்த்தேன். குண்டுச் சுரை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

கடை விதைக்குப் பூச்சி மருந்து கலந்து ரோஸ் நிறத்தில் சாயம் போட்டிருப்பார்கள். ஆரணியில் இருந்துகொண்டு ஒரு சாயத்தைப் போக்கத் தெரியாதா என்று சோடா உப்புத் தண்ணீரில் அலசினேன். ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். எந்த வியாபாரியோ விட்டுப்போன தெலுங்குப் பேப்பரில் மடித்தேன். தை முதல் வாரம் அதை அவர் கையில் கொடுத்து, நெல்லூர் ரங்கையா தபாலில் அனுப்பியிருக்கிறார், நீங்கள் கொடுத்த விதையில் வந்த விதையாம் என்றேன். ரங்கையா நான் கற்பனையில் உண்டாக்கிய ஆள் இல்லை. நாலாம் எண் அறையில் ஒரே ஒரு முறை தங்கியவர், கொசு கடிக்கிறது என்று இரவெல்லாம் குறை சொன்னவர், சவுரியம்மாளிடம் விதை வாங்கிப் போனவர். என் கார்டுக்கு அவர் பதிலே போடவில்லை.

சவுரியம்மாள் விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். புடவையில் துடைத்துக்கொண்டார். “நல்ல வெத சார்” என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

காய் வந்தது. குண்டுதான். ஆனால் தோலில் ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது. நெல்லூர் மண் அப்படி என்று நான் முந்திக்கொண்டேன். “ஆமா சார், மண்ணு மாறினா தோல் மாறும்” என்று அவரும் தலையாட்டினார். முதல் காயை எப்போதும்போல ஜெசிந்தாவுக்கு எடுத்துப் போனார். மூன்று காய்க்குச் சிவப்பு நூல் கட்டினார். கட்டும்போது என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

வருடா வருடம் நூல் கட்டும் நாளில் ஒரு கேள்வி கேட்பார்: “நெல்லூரு அண்ணன் எப்படி இருக்காரு சார்?” முதல் வருடம் நன்றாக இருக்கிறார் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பொய்க்குத் தீனி போட்டு வளர்த்தேன். அடுத்த வருடம் அவருடைய கடை பெரிதாகிவிட்டது என்றேன். அதற்கடுத்து அவர் மகளுக்குக் கல்யாணம் என்று வாயில் வந்துவிட்டது. சவுரியம்மாள் இரண்டு படி வடகம் இட்டுக் காயவைத்து, டப்பாவில் போட்டு, கல்யாண வீட்டுக்கு அனுப்பச் சொல்லி என் மேசையில் வைத்தார். அந்த வடகத்தை நான் இரண்டு மாதம் தனியாகத் தின்றேன். கடைசியில் தாங்க முடியாமல் ஒரு வருடம், ரங்கையா காலமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். சவுரியம்மாள் நூலைக் கட்டி முடித்துவிட்டு, அவருக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். அய்யோ வேண்டாம், அவர்கள் சைவக்காரர்கள் என்று பதறினேன். “சரி, நானே வேண்டிக்கிறேன்” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

இரண்டு வருடம் கழித்து, சித்திரை மாதத்தில், செத்துப்போன ரங்கையா பெட்டியோடு வந்து ரூம் கேட்டார். என் கார்டு வந்ததா என்று கேட்டேன். வீடு மாறிவிட்டோம் என்றார். சுரை விதை என்ன ஆயிற்று என்று கேட்டேன். என்ன விதை என்றார். பதிவேட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சவுரியம்மாளிடம் யாரோ குண்டூர்க்காரர் என்று சொல்லிவைத்தேன். மத்தியானம் அவருக்குச் சுரைக்காய்க் கூட்டுப் பரிமாறிவிட்டு வந்து சவுரியம்மாள் என்னிடம், “அவருக்கு இன்னொரு கரண்டி போட்டேன் சார். பாவம், ரொம்ப தூரத்துலேர்ந்து வந்துகிறாரு” என்றார். குண்டூர் தூரம்தான் என்று நானும் சொன்னேன். நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடத்திலிருந்தே அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. மெஸ்ஸை விட்டுவிட்டார், தோட்டத்துக்கு மட்டும் வாரம் ஒரு முறை ஆட்டோவில் வருவார். புது வருடம் கழிந்து நாலைந்து நாள் இருக்கும், வந்தார். கால் வீங்கியிருந்தது. பந்தல் கட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியில் எனக்கு எதிரில் உட்கார்ந்தார். தை பொறந்தா நீங்கதான் ஊன்றணும் சார் என்றார். ஊன்றுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தையே பார்த்து, “என்கிட்ட எதுனா சொல்லணுமா சார்?” என்று கேட்டார்.

தொண்டை வரைக்கும் வந்தது. இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டால் இந்த உடம்போடு இருப்பவருக்கு அவர் புருஷனின் கொடியை இரண்டாம் முறை பறித்ததாக ஆகிவிடுமே என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மானத்துக்குத்தான் பயந்தேன். “ஒன்றும் இல்லையே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். “சரி சார்” என்று எழுந்தார். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அதுதான் நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் ஜெசிந்தா லாட்ஜுக்கு வந்தாள். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை மேசையில் வைத்து, அம்மா உங்களிடம் கொடுக்கச் சொன்னாங்க என்றாள். அதற்குள் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். எல்லாவற்றிலும் எழுத்துக் கூட்டி எழுதிய சவுரியம்மாளின் கையெழுத்து. வெண்டை, பொடலை, பாவக்கா. சுரைக்காய்ப் பொட்டலத்தைத் தேடினேன். இருந்தது. அதன் மேல் ரங்கையா இல்லை, நெல்லூர் இல்லை. “மேனேஜர் வாங்கியாந்த சொரக்கா” என்று எழுதியிருந்தது. எனக்கு உடனே அந்தக் கட்டை விரலும், புடவையில் துடைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. சாயம் முழுதாகப் போயிருக்கவில்லை. விதையைக் கையில் வாங்கிய அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், நான் அவரைச் சாகடிக்கும் வரை, வருடம் தவறாமல் நெல்லூர் அண்ணனை விசாரித்தார். ஒவ்வொரு முறையும் நான் சொல்லிவிட வழி விட்டு நின்றிருக்கிறார். நான் பதினோரு வருடமும் அந்த வழியில் போகவில்லை.

ஜெசிந்தாவிடம் அப்போதே எல்லாவற்றையும் சொன்னேன். அவள், இது அப்பா சுரைக்காய் இல்லை என்று அம்மா எனக்கு எப்போதோ சொல்லிவிட்டார்கள் சார், ஆனால் இதையும் ஆசையாகத்தான் சாப்பிடணும்னு சொல்லுவாங்க என்றாள். என்னைத் தேற்றுவதற்குத்தான் அந்தப் பெண் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். தாயைப் பறிகொடுத்தது அவள்.

அந்த விதையை மறுநாளே ஊன்றிவிட்டேன். குழியில் மண்ணைத் தள்ளும்போது, ரங்கையா எனக்குக் கடிதமே போடவில்லை சவுரியம்மா, சேத்துப்பட்டில் நான்தான் வாங்கினேன், மன்னித்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். செடிக்குக் காது இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வேறு யாரிடம் போய்ச் சொல்வது? இன்றைக்கு இரண்டு இலை விட்டு நிற்கிறது. தினம் மூன்று பக்கெட்டுக் குளிக்கிறேன். காய் வந்ததும் நூல் கட்டுவேன். முதல் காய் ஜெசிந்தாவுக்குப் போகும். இந்தக் கோடையில் லாட்ஜில் தங்குகிறவர்கள் தயவுசெய்து குளித்துவிட்டுச் சாப்பிட வாருங்கள்.

எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது டப்பாவின் அடியில் இருந்த இன்னொரு பொட்டலம். அதன் மேல் சுற்றிய சிவப்புப் பட்டு நூல் நிறம் மங்கியிருந்தது. உள்ளே காகிதம் போல் தட்டையான வெள்ளை விதைகள், எல்லாம் சப்பை. ஒன்றிலும் பருப்பு இல்லை. அன்றைக்குக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கியவை. முளைக்காது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பன்னிரண்டு வருடம் வைத்திருந்திருக்கிறார். பின்னால் மகள் எடுத்துப் பார்த்தால் யாரையும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்று, அதன் மேல் இரண்டு வரி எழுதியும் வைத்திருந்தார்.

“அவரு சொரக்கா. மேனேஜர் தெரியாம பறிச்சது.”